பகலில் ஜி.ஐ. பைப் வெல்டிங்... ராத்திரியில் குளிர்காய்ச்சல்! பால் குடித்தால் சரியாகிவிடுமா?

மாடியில் ஷெட் போடும் வேலை நடக்கிற வீடுகளில் இதைக் கவனித்திருப்பீர்கள். வெல்டிங் பொறி தெறிக்கும் இடத்திலிருந்து புகை கிளம்பும். சாதாரண இரும்பைப் பற்றவைக்கும்போது வருகிற மங்கலான புகை அல்ல, பால்போல வெள்ளை. கொஞ்ச நேரத்தில் இலவம்பஞ்சைப் பிய்த்துப் பறக்கவிட்டதுபோல மெல்லிய நூல்கள் காற்றில் மிதந்து வந்து, கொடியில் காயும் துணிமேல் உட்காரும். வெல்டு வைத்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு படிவு இருக்கும்.

வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு நடப்பது நமக்குத் தெரியாது. ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியதும் தொண்டை வறளும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. நாக்கில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, சிலருக்கு அதில் லேசான தித்திப்பும் இருக்கும். பிறகு குளிர் ஆரம்பிக்கும். இரண்டு போர்வை போர்த்தினாலும் நிற்காத நடுக்கம், காய்ச்சல், அடித்துப் போட்டதுபோல உடம்பு வலி. விடியும்போது வியர்த்துக் கொட்டும். 'ஊரெல்லாம் வைரல் ஃபீவர்தான் சுத்துது' என்று வீட்டில் சொல்வார்கள்.

இது வைரல் ஃபீவர் அல்ல. இதற்கு மருத்துவத்தில் 'மெட்டல் ஃப்யூம் ஃபீவர்' என்று பெயர். உலோகப் புகைக் காய்ச்சல். பகலில் பறந்த அந்த வெள்ளைப் பஞ்சுதான் காரணம்.

இரும்பு உருகும் முன்பே கொதித்துவிடும் பூச்சு

கடையில் நாம் ஜி.ஐ. பைப் என்று கேட்டு வாங்குவது, துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு. சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுப்பார்கள். அப்படி முக்கியெடுத்த பைப்பில் இந்தப் பூச்சு ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் இருக்கும். ஷீட்டிலேயே பூச்சு ஏற்றி, பிறகு குழாயாக வளைத்துச் செய்கிற ஜி.பி. பைப்பில் இன்னும் மெல்லியது. பூச்சு தடிமனாக இருந்தால் துருவுக்கு நல்ல காப்பு. வெல்டிங் செய்யும்போது புகையும் அதே கணக்கில் கூடும்.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஆக, இரும்பு இளகத் தொடங்கும் முன்பே மேலே இருக்கும் பூச்சு கொதித்துக் கிளம்பிவிடுகிறது. அந்த ஆவி காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து துத்தநாக ஆக்ஸைடு ஆகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை அதுதான்.

இந்தச் சீக்கிரம் ஆவியாகிற குணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஜாவரில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கத்திரிக்காய் வடிவ மண் குடுவைகளில் தாதுவைச் சூடாக்கி, கிளம்பும் ஆவியைக் காற்றுப் படாமல் கீழே இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் எடுத்தார்கள். அந்தக் குடுவைகள் இன்றும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கின்றன. காற்றுப் பட்டால் உலோகம் கிடைக்காது, வெள்ளைப் பொடிதான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

துத்தநாகம் உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். உடன் ஜிங்க் மாத்திரை எழுதித் தருகிறார்கள். வேர்க்குருவுக்குத் தடவுகிற கேலமைன் லோஷனில் இருப்பதும் இதே துத்தநாக ஆக்ஸைடுதான். வயிற்றுக்குள் போவதும் தோலில் தடவுவதும் வேறு; ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகளாக நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்காருவது வேறு. அங்கே போனதும் நுரையீரல் அதை எதிரியாகப் பார்த்து அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. காய்ச்சல் அதிலிருந்து வருவது.

எவ்வளவு புகை அதிகம்? தொழிற்சாலைகள் சட்டத்தின் (1948) அட்டவணை, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் துத்தநாக ஆக்ஸைடு புகை என்று எல்லை வைத்தது. இதை நம் வீட்டு அளவில் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர். அந்த அறை முழுவதும் எல்லையைத் தொட 140 மில்லிகிராம் புகை போதும், சமையலுக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. 60 மைக்ரான் பூச்சுள்ள பைப்பில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் இருக்கும் துத்தநாகமே அதற்குச் சரியாக இருக்கும். வெல்டரின் முகமோ அறையின் நடுவில் இல்லை. புகை எழும் இடத்துக்கு நேர் மேலே குனிந்திருக்கிறது.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

இந்தக் காய்ச்சலை அடையாளம் காண்பது கஷ்டமாக இருப்பதற்கு அதன் நேரமும் ஒரு காரணம். புகை பட்டவுடன் எதுவும் தெரியாது. பெரும்பாலும் 4 முதல் 10 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். காலையில் செய்த வேலைக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

இன்னொரு விசித்திரமும் உண்டு. தினமும் இந்தப் புகையிலேயே இருப்பவருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு தற்காலிகமாகப் பழகிவிடும், காய்ச்சல் வராது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கள் வேலைக்குப் போனால் அன்று ராத்திரி மறுபடி நடுக்கம். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'மண்டே மார்னிங் ஃபீவர்' என்றே ஒரு பழைய பெயர் இருக்கிறது. நம் ஊரில் ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை முடிந்து திரும்புகிறவருக்கும் இதே கதைதான். 'எனக்கெல்லாம் பழகிப்போச்சு' என்று சொல்லும் அனுபவசாலியின் பேச்சு முழுப் பொய்யில்லை. பழகியது காய்ச்சலுக்கு மட்டும். புகை உள்ளே போவது நிற்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் குழப்பம் வரலாம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கும். கிருமித் தொற்றிலும் அப்படித்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'என்ன வேலை பார்க்கிறீங்க, நேத்து என்ன பண்ணீங்க?' என்று டாக்டர் கேட்காவிட்டால், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கோடு வீடு திரும்ப வேண்டியதுதான். டாக்டர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லலாமே! 'நேத்து பகல்ல ஜி.ஐ. பைப் வெல்டிங் பண்ணேன்' என்ற ஒரு வரி பல டெஸ்ட் செலவை மிச்சப்படுத்தும்.

இதற்குத் தனி மருந்து என்று எதுவும் இல்லை. ஓய்வு, தண்ணீர், காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர் சொல்லும் மாத்திரை. 24 முதல் 48 மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும்.

பால் விஷயம் இங்கேதான் வருகிறது. வெல்டிங் வேலைக்கு முன்னும் பின்னும் பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் மட்டுமில்லை, அமெரிக்க வெல்டர்களிடமும் இருக்கிறது. நம் ஊரில் வெல்லமும் வாழைப்பழமும் கூடச் சேர்ந்துகொள்ளும். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் பாதையே வேறு. பால் குடித்தவருக்குக் காய்ச்சல் மறுநாள் விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். குடிக்காதவருக்கும் மறுநாள் விட்டுவிடும். பால் குடிப்பதில் தப்பில்லை, வறண்ட தொண்டைக்கு இதம்தான். 'பால் குடிச்சாச்சு' என்ற தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைப்பதுதான் பிரச்னை.

தானாகச் சரியாகிறதே, பிறகென்ன என்று விட்டுவிடவும் முடியாது. தினக்கூலிக்காரருக்கு ஒன்றரை நாள் படுக்கை என்றால் ஒன்றரை நாள் சம்பளம் போச்சு. நீண்டகாலக் கணக்கு இன்னும் பெரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி., 2017-ல் கூடிய நிபுணர் குழுவின் முடிவுப்படி, வெல்டிங் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. ஜி.ஐ. மட்டுமில்லை, எல்லா வெல்டிங் புகைக்கும் இது பொருந்தும். வெல்டர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், பிரிட்டனில் இவர்களுக்கு நிமோகோக்கல் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இயந்திரங்களின் போல்ட், நட்டுகளில் சிலவற்றுக்குத் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் பூசியிருப்பார்கள். சில வகை வெள்ளிப் பற்றுராடுகளிலும் காட்மியம் உண்டு. அதன் புகையும் முதலில் இதே காய்ச்சல்போலத்தான் தொடங்கும். ஆனால் இறங்காது, ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் காட்மியம் என்று சிலர் சொல்வார்கள். துத்தநாகப் பூச்சிலும் மஞ்சள் மினுமினுப்பு உண்டு என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. காயலான் கடையில் பொறுக்கிய, எந்தப் பூச்சு என்று தெரியாத போல்ட்டைப் பற்றவைக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. வெல்டிங் செய்த பிறகு வந்த காய்ச்சல் இரண்டாம் நாளிலும் இறங்காமல், மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிதான்.

முதலில் கிரைண்டர், அப்புறம் ராடு

ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கவே கூடாதா? கூடும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெல்டு வரப்போகும் இடத்தின் இரண்டு பக்கமும் ஒன்று முதல் நான்கு அங்குலம் வரை பூச்சை எடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வழிகாட்டல். வெள்ளி நிறம் போய்க் கருஞ்சாம்பல் இரும்பு தெரியும் வரை கிரைண்டிங் மெஷினில் ஃபிளாப் டிஸ்க் போட்டுத் தேய்த்தால் போதும். பட்டறைக்காரர்கள் பலர் இதைத் தவிர்ப்பது நேரத்துக்காக. ஒரு ஷெட்டுக்கு ஐம்பது ஜாயின்ட் என்றால் ஒவ்வொன்றையும் தேய்த்துக்கொண்டிருக்க வீட்டுக்காரர் விட மாட்டார், 'இன்னுமா முடியல?' என்று நிற்பார். இதில் வெல்டரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தேய்த்தால் வெல்டும் உருப்படியாக வரும். கொதித்துக் கிளம்பும் துத்தநாக ஆவி, உருகிய இரும்புக்குள் சிக்கிக் குமிழ் குமிழாய் ஓட்டை போட்டுவிடும். பொறி தாறுமாறாகத் தெறிக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும் ஜாயின்ட் உள்ளே சல்லடையாக இருக்கும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டோ, பால்கனிக் கம்பியோ அப்படி இருந்தால் எப்படி?

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று, பைப்பின் உள்பக்கம். முக்கியெடுத்த பைப்பில் உள்ளேயும் துத்தநாகம் பூசியிருக்கும். வெளியே மட்டும் தேய்த்துவிட்டுப் பற்றவைத்தால், புகைபோக்கியில் வருவதுபோல மறுமுனையில் வெள்ளைப் புகை வந்துகொண்டிருக்கும். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? ஹெல்பர் பையன். அவர் கையில் ஷீல்டும் இருக்காது, முகத்தில் மாஸ்க்கும் இருக்காது. கை எட்டும் வரை உள்பக்கத்தையும் தேய்க்க வேண்டும், முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. இரண்டு முனையும் அடைத்த பைப்பாக இருந்தால் சிறு துளையாவது போடாமல் சூடு காட்டவே கூடாது. உள்ளே காற்று விரிந்து வெடிக்கும்.

பூச்சை எடுக்கக் குறுக்குவழியாகச் சிலர் கேஸ் கட்டரால் சுட்டு எரிப்பார்கள். தவிர்க்க நினைத்த புகையை மொத்தமாகக் கிளப்பிவிடும் வேலை அது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுவதும் உண்டு. ஆசிட்டும் துத்தநாகமும் சேர்ந்தால் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும், ஆசிட் ஆவி தனி எரிச்சல், சரியாகக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் ஆசிட்டே துருவைக் கூப்பிடும். வீட்டு மாடியில் இது வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த கிளீனர் ஸ்பிரேயைப் பயன்படுத்திவிட்டு ஆர்க் காட்டுவது மற்றொரு விபரீதம். அந்த ஆவி வெல்டிங் வெளிச்சத்தில் பாஸ்ஜீனாக மாறும், முதல் உலகப் போரில் விஷவாயுவாக வீசினார்களே அதே பாஸ்ஜீன்.

தேய்த்த பிறகும் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். அதற்கு முதல் பாதுகாப்புக் காசு செலவில்லாதது. புகை நேர் மேலே போகும். தலை அதன் பாதையில் இருக்கக் கூடாது. வேலை செய்யும் பொருளைத் திருப்பி வைத்தோ, ஒரு பக்கமாக உட்கார்ந்தோ, காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி இடம் பிடித்தால் பாதிப் புகை மூக்குக்கு வராது. ஃபேன் வைப்பதென்றாலும் பக்கவாட்டில்தான். முதுகுக்குப் பின்னால் வைத்தால் காற்று உடம்பைச் சுற்றிச் சுழன்று புகையை முகத்துக்கே கொண்டுவரும்.

கர்ச்சீப்பும் துண்டும் இந்தப் புகைக்கு மாஸ்க் ஆகாது. துகள் அவ்வளவு பொடி. கொரோனா காலத்தில் நாம் பார்த்துப் பழகிய என்95, அல்லது ஐ.எஸ்.9473 தர முத்திரை உள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் வேண்டும். ஹெல்மெட்டுக்கு உள்ளே அடங்கும். மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் போட வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்றிவிட வேண்டும். பட்டறையில் கிரைண்டிங் செய்யும்போதும் இதைக் கழற்றக் கூடாது.

மாஸ்க் காப்பாற்றாத இடங்களும் இருக்கின்றன. தொட்டிக்குள், சம்ப்புக்குள், படிக்கட்டுக்கு அடியில் உள்ள அடைசல் அறையில் இறங்கி ஜி.ஐ. வெல்டிங் செய்வது அப்படிப்பட்டது. வாயுவையும் ஆக்சிஜன் குறைவையும் இந்த மாஸ்க் தடுக்காது. அங்கே வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் ஏற்பாடும், வெளியே ஒரு ஆள் காவலும் இல்லாமல் இறங்கக் கூடாது. மழை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒற்றைக் கடைப் பட்டறைக்குள் பத்து ஜாயின்ட் போடுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் இத்தகைய பட்டறைகளைத் தொழிற்சாலைக்கான ஆய்வுகள் எட்டிப் பார்ப்பது அரிது. கேட்க ஆள் வேண்டுமென்றால் அது வேலை கொடுக்கிற நாம்தான்.

வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

திறந்த மாடியில் நடக்கும் வேலையால் கீழ் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தத் தூரத்துக்கு வருவதற்குள் புகை கலைந்துவிடும். குழந்தைகள் ஆர்க் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆபத்து, குனிந்திருக்கிற இரண்டு பேருக்குத்தான்.

எஸ்டிமேட் போடும்போதே பேச வேண்டிய விஷயம் இது. எந்த ஜாயின்ட்டுக்கு வெல்டு தேவை, எதற்கு போல்ட்டும் கிளாம்ப்பும் போதும் என்று கேளுங்கள். சோலார் பேனல் ஸ்டாண்ட், ஷீட் கூரை போன்றவற்றை போல்ட், ஸ்க்ரூவிலேயே முடிக்கலாம், பூச்சும் கெடாது. வெல்டிங் நிறைய வரும் கேட், கிரில் வேலைக்குக் கறுப்பு எம்.எஸ். பைப்பை வாங்கி, பற்றவைத்து முடித்த பிறகு ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்தால் துத்தநாகப் புகைக்கே வேலையில்லை. கடலோர ஊர் என்றால் செய்து முடித்த கேட்டை அப்படியே கால்வனைசிங் பிளான்ட்டுக்கு அனுப்பி முக்கியெடுத்து வாங்குவது செலவானாலும் நெடுநாள் உழைக்கும். ஜி.ஐ.-யைத்தான் பற்றவைக்க வேண்டும் என்றால் பூச்சு தேய்க்கும் நேரத்துக்கான கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் மாஸ்க்கை நீங்களே வாங்கி வைத்தாலும் ஷெட் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. வாங்கும்போது ஹெல்பருக்கும் சேர்த்து.

வெல்டிங் முடிந்ததும் பெரும்பாலான இடங்களில் ஜாயின்ட் மேல் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். பைப் நிறத்தோடு ஒத்துப்போகும், பார்க்கவும் அழகு. ஆனால் அது அலுமினியம் பெயின்ட். மேலே ஒரு திரைபோல நிற்கும், அவ்வளவே. துத்தநாகம் செய்கிற வேலை வேறு. கீறல் விழுந்தாலும் தான் முதலில் அரிந்து இரும்பைக் காப்பாற்றுகிற குணம் அதற்கு. தேய்த்தெடுத்த இடத்துக்கு அந்தக் காப்பைத் திருப்பித் தர, 'ஜிங்க் ரிச்' அல்லது 'கோல்டு கால்வனைசிங்' என்று டப்பாவில் எழுதியிருக்கும் பெயின்ட் வேண்டும். வெல்டு மேல் இருக்கும் கசடைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சூடு ஆறிய பிறகு இரண்டு கோட். ஹார்டுவேர் கடையில் ஸ்பிரே டப்பாவாகவும் கிடைக்கிறது. அதை அடிக்கும்போதும் மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். ஸ்பிரேயின் கரைப்பான் வாடைக்கு என்95 போதாது என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.